சாவி யார் கையில்? ஜெட் எஞ்சின் விற்பனையும் உள்நாட்டுப் பராமரிப்பும்

புனே நகரின் கிழக்குப் பகுதியில், இராணுவக் கண்டோன்மென்ட்டை ஒட்டி அமைந்துள்ள கோர்படியில் மத்திய ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட் இயங்கி வருகிறது. அங்கு பணியாற்றும் ரயில்வே தொழிலாளர்கள் எஞ்சினைக் கழற்றுகிறார்கள்; பிஸ்டனையும் சிலிண்டர் தலையையும் டர்போ சார்ஜரையும் சோதித்துப் பழுது நீக்குகிறார்கள்; மீண்டும் பூட்டித் தடத்துக்கு அனுப்புகிறார்கள். இதற்காக அவர்கள் அமெரிக்க நிறுவனம் எதன் அனுமதிக்கும் காத்திருப்பதில்லை.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் லோஹேகாவ் விமான நிலையம் உள்ளது. அங்கு வந்திறங்கும் பயணிகள் விமானங்களின் நிலைமை வேறு. இறக்கையின் கீழ் தொங்கும் எஞ்சினை முழுமையாகச் சீரமைக்க வேண்டிய காலம் வந்தால், அதைத் தயாரித்த நிறுவனம் ஒப்புதல் அளித்த பணிமனைக்கே அனுப்பியாக வேண்டும். இந்திய விமானங்களைப் பொறுத்தவரை அந்தப் பணிமனை நீண்டகாலமாகப் பெரும்பாலும் வெளிநாட்டில்தான் இருந்து வந்திருக்கிறது. புனேவுக்கு வடக்கே சாக்கனில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலை உள்ளது. 2015 பிப்ரவரி 14 அன்று பிரதமர் மோடி திறந்து வைத்த அந்த ஆலையில் ஜெட் எஞ்சின்களுக்கான பாகங்கள் தயாராகின்றன. அவை வெளிநாட்டு ஆலைகளுக்குச் சென்று எஞ்சினாக உருப்பெற்று, இந்திய நிறுவனங்கள் வாங்கும் விமானங்களில் பொருத்தப்பட்டுத் திரும்பி வருகின்றன.

பாகத்தைச் செய்யத் தெரிந்த தொழிலாளியும், டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தொழிலாளியும் ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஆயினும் ஜெட் எஞ்சினைத் திறக்கும் உரிமை மட்டும் இங்கு இல்லை. இதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. எஞ்சினை வாங்கும்போது எழுதப்படும் விற்பனை ஒப்பந்தத்தில்தான் காரணம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் வாங்குபவர் தரப்பில் அமர்வது மக்களுக்குச் சொந்தமான நிறுவனமா, தனியார் முதலாளியா என்பதும் அதன் வரிகளைத் தீர்மானிக்கிறது.

லாபம் எங்கே இருக்கிறது?

ஜெட் எஞ்சின் வணிகத்தின் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டால்தான் இப்பிரச்சனையின் ஆழம் விளங்கும். எஞ்சின் நிறுவனங்கள் தங்கள் சரக்கைப் பட்டியல் விலையிலிருந்து பெருந்தள்ளுபடியில் விற்கின்றன. விற்ற நாளில் அவற்றுக்கு நட்டம்கூட ஏற்படுவது உண்டு. அந்த எஞ்சின் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பறக்கும். அக்காலம் முழுவதும் அதற்குத் தேவைப்படும் உதிரிபாகங்களும், குறிப்பிட்ட சுழற்சிகளுக்குப் பின் கட்டாயம் மாற்றியாக வேண்டிய வட்டுகளும், பழுதுநீக்கும் முறைகளுக்கான உரிமங்களும் விற்ற நிறுவனத்தின் பிடியிலேயே இருக்கின்றன. உண்மையான லாபம் அங்கிருந்துதான் ஊறுகிறது.

பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு பராமரிப்பைத் தாமே செய்து தரும் ஒப்பந்த முறையை 1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் சிறிய வைப்பர் எஞ்சினுக்காகத் தொடங்கியது. பின்னர் அந்நிறுவனத்தை விழுங்கிய ரோல்ஸ்-ராய்ஸ் அதைப் பெருந்தொழிலாக வளர்த்தது. இன்று உலகின் பயணிகள் விமான எஞ்சின் சந்தை ஜி.இ., பிராட் அண்ட் விட்னி, ரோல்ஸ்-ராய்ஸ், சஃப்ரான் ஆகிய நான்கு பெயர்களுக்குள் அடங்கிவிடுகிறது. இவற்றில் ஜி.இ.யும் சஃப்ரானும் சி.எஃப்.எம். என்ற கூட்டு நிறுவனத்தில் சரிபாதிப் பங்காளிகள்.

இந்த ஏகபோகத்தைக் குறித்து இடதுசாரிகள் மட்டும் பேசவில்லை. தனியார் விமான நிறுவனங்களும் அங்கம் வகிக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமே சி.எஃப்.எம். நிறுவனத்தின் பராமரிப்பு வணிகம் போட்டியை நசுக்குகிறது என்று 2016-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் அளித்தது. 2018 ஜூலையில் உடன்பாடு ஏற்பட்டு, சுயேச்சையான பணிமனைகளுக்கும் மாற்று உதிரிபாகங்களுக்கும் இடமளிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்ட பிறகே புகார் திரும்பப் பெறப்பட்டது. முதலாளித்துவச் சந்தையின் விதிகளுக்குள் நின்று பார்த்தாலும் பராமரிப்பு உரிமை என்பது பேரம் பேசிப் பெற வேண்டிய ஒன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேரம் பேசும் வாய்ப்பு எஞ்சினை வாங்கும் அந்த ஒரு தருணத்தில் மட்டுமே உச்சத்தில் இருக்கிறது. கையெழுத்து இட்ட பின் விமானமும் எஞ்சினும் பிரிக்க முடியாதபடி இணைந்துவிடும். வேறு நிறுவனத்தின் எஞ்சினை எடுத்துப் பொருத்திக்கொள்ள இயலாது. ஆகவே உள்நாட்டுப் பராமரிப்பு வசதி, தொழில்நுட்பப் பயிற்சி, சோதனைக்கூடம், பழுதுநீக்க உரிமம் ஆகிய அனைத்தையும் அந்தத் தருணத்திலேயே கேட்டுப் பெற்றாக வேண்டும்.

ஆல்கோ கற்பித்த பாடம்

கோர்படி ஷெட்டின் தொழிலாளர்கள் பெற்ற உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. 1962-இல் இந்திய ரயில்வே அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் தொழில்நுட்பப் பகிர்வு அடிப்படை நிபந்தனையாக இருந்தது. வாரணாசியில் அமைந்த அரசு ஆலையிலிருந்து 1964-இல் முதல் டீசல் எஞ்சின் வெளிவந்தது. 1969-இல் அமெரிக்காவில் ஆல்கோ நிறுவனம் எஞ்சின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. விற்றவர் கடையை மூடிவிட்டார். வாங்கிய இந்தியாவோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அந்த எஞ்சினை உற்பத்தி செய்தது, மேம்படுத்தியது, பராமரித்தது. உதிரிபாகங்களுக்கென்றே பாட்டியாலாவில் தனி அரசு ஆலை எழுந்தது. 1990-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திடமிருந்து புதிய தலைமுறை எஞ்சின் வாங்கப்பட்டபோதும் தொழில்நுட்பப் பகிர்வு நிபந்தனை கைவிடப்படவில்லை.

ஆல்கோ மூடப்பட்ட நாளில் இந்திய ரயில்வேயின் கையில் வரைபடங்களும் உரிமமும் பயிற்சி பெற்ற தொழிலாளர் படையும் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 2023-24 காலத்தின் விமானத் துறை அதற்கு விடை சொல்கிறது. பிராட் அண்ட் விட்னி எஞ்சின்களின் கோளாறால் தனது விமானங்களில் ஏறத்தாழ பாதி தரையில் நிற்பதாகக் கூறி கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே மாதத்தில் திவால் மனு அளித்தது. ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வாழ்க்கை நடுத்தெருவுக்கு வந்தது. அதே நிறுவனத்தின் எஞ்சின் சிக்கலால் இண்டிகோவின் 70-க்கும் மேற்பட்ட விமானங்கள் 2024-இன் தொடக்கத்தில் பறக்காமல் நின்றன. இந்தியாவின் வெப்பத்திலும் தூசியிலும் எஞ்சின் பாகங்கள் விரைவாகத் தேய்கின்றன என்பது துறை அறிந்த உண்மை. தேய்வு இங்கே, சீரமைப்பு வேறெங்கோ. வரிசையில் காத்திருக்கும் காலம் எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் விற்றவர்.

நாகபுரியில் கிடைத்ததும் கைநழுவியதும்

விமானத் துறையில் இத்தகைய நிபந்தனையை இந்தியா விதித்ததே இல்லை என்று கூற முடியாது. 1953-இல் நாட்டுடைமையான ஏர் இந்தியா மும்பையிலும், இந்தியன் ஏர்லைன்ஸ் டெல்லியிலும் சொந்த எஞ்சின் சீரமைப்புப் பணிமனைகளை நடத்தின. தலைமுறை தலைமுறையாகப் பொறியாளர்களும் டெக்னீஷியன்களும் அங்கு உருவானார்கள்.

2005-06-இல் ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கு ஆணை அளித்தது. அவ்வாணையின் பகுதியாக, நாகபுரியின் மிஹான் வளாகத்தில் 10 கோடி டாலர் செலவில் பராமரிப்பு மையம் அமைத்துத் தருவதாக போயிங் ஒப்புக்கொண்டது. எஞ்சின்களை விற்ற ஜி.இ.யும் எஞ்சின் பணிமனைக்குத் துணைநிற்க வேண்டியிருந்தது. அரசுக்குச் சொந்தமான விமான நிறுவனம் கொள்முதல் வலிமையைப் பயன்படுத்தி உள்நாட்டுப் பராமரிப்பு நிபந்தனையைப் பெற்றதற்கு மகாராஷ்டிர மண்ணிலேயே அமைந்த எடுத்துக்காட்டு இது.

இந்தக் கொள்முதலைப் பொற்காலமாகச் சித்தரிப்பது நேர்மையாகாது. 28 விமானங்களுக்கான திட்டம் சில மாதங்களில் 68 ஆக உயர்ந்ததையும், கடனை நம்பியே அத்தனையும் வாங்கப்பட்டதையும் தலைமைத் தணிக்கையாளரின் 2011 அறிக்கை கடுமையாகச் சாடியது. 777 ரக விமானத்தின் நெடுந்தூர வகைகளுக்கு ஜி.இ. எஞ்சின் மட்டுமே உண்டு. அங்கு பேரத்துக்கே இடமில்லை. 787 விமானத்துக்கு ஜி.இ., ரோல்ஸ்-ராய்ஸ் என்று இரு விற்பனையாளர்கள் இருந்தார்கள். போட்டியை மூட்டி இன்னும் கூடுதலான உரிமைகளைக் கறந்திருக்க முடியும். நாகபுரி மையம் ஏர் இந்தியாவின் கைக்கு வந்தது 2015-இல்தான். வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ பத்தாண்டுகள் கரைந்தன. கெடு தவறினால் தண்டம் என்ற கண்டிப்பு அரசிடம் இல்லை.

இருந்தாலும் மையம் எழுந்தது. பொதுத்துறைப் பொறியாளர்கள் அங்கே பெரிய விமானங்களைப் பிரித்துச் சீரமைத்தார்கள். அது வளர்ந்து நிலைபெற வேண்டிய வேளையில் ஒன்றிய அரசு ஏர் இந்தியாவையே விற்றுவிட்டது. 18,000 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்ட விலையில் ரொக்கமாக வந்தது 2,700 கோடி மட்டுமே. எஞ்சிய 15,300 கோடி கடன் ஏற்பு. 2022 ஜனவரி 27 அன்று விமானங்கள் டாட்டாவிடம் சென்றன. பராமரிப்புப் பணிகளைச் செய்துவந்த ஏர் இந்தியா எஞ்சினியரிங் சர்வீசஸ் நிறுவனம் அரசிடம் எஞ்சியது. ஹேங்கர் அரசுக்கு, விமானம் டாட்டாவுக்கு. டாட்டாவின் ஏர் இந்தியாவோ பெங்களூருவில் தனக்கென்று வேறு பராமரிப்பு மையத்தை எழுப்பி வருகிறது. போயிங்கிடமிருந்து பொதுப்பணத்தின் வலிமையால் பெற்ற வசதி, வேலை தேடி அலையும் நிலைக்குத் தள்ளப்பட்டது. அந்தப் பராமரிப்பு நிறுவனத்தையும் விற்பனைப் பட்டியலில்தான் அரசு வைத்தது.

ஒருபுறம் ஏறத்தாழ ஆயிரம், மறுபுறம் வெறுங்கை

2023 பிப்ரவரி 14 அன்று டாட்டாவின் ஏர் இந்தியா 470 விமானங்கள் வாங்குவதாக அறிவித்தது. சி.எஃப்.எம். நிறுவனத்துக்கு மட்டும் 800 எஞ்சின்களுக்கான ஆணை அதில் அடங்கியிருந்தது. அதே ஆண்டு ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆணையிட்டது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள்! அமெரிக்க அதிபராக இருந்த பைடன், போயிங் ஆணையால் தமது நாட்டின் 44 மாநிலங்களில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வேலைகள் நிலைபெறும் என்று பூரித்தார். பிரான்சின் அதிபர் மெக்ரான் ஏர்பஸ் ஆணை அறிவிப்பு நிகழ்வில் காணொலி வழியாக நேரடியாகக் கலந்துகொண்டார். அந்நாட்டுத் தலைவர்கள் தங்கள் நாட்டு வேலைகளை எண்ணிக் கணக்குச் சொன்னார்கள். இந்தியாவில் எத்தனை எஞ்சின் பணிமனைகள், எத்தனை நிரந்தர வேலைகள், என்னென்ன உரிமங்கள் என்று கேட்க வேண்டிய அரசு, வாழ்த்துரை வழங்கியதோடு நின்றது.

இந்தியாவுக்குப் பின்னர் வந்த பதில் ஹைதராபாதில் தெரிகிறது. சஃப்ரான் நிறுவனம் ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய் முதலீட்டில் அமைத்த லீப் எஞ்சின் பராமரிப்பு மையத்தை 2025 நவம்பர் 26 அன்று பிரதமர் திறந்து வைத்தார். ஆண்டுக்கு 300 எஞ்சின்கள் வரை சீரமைக்கும் திறனும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகளும் அங்கு உருவாகும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. எஞ்சின் சீரமைப்பு இந்திய மண்ணில் நடப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்த மையத்தின் உரிமையாளர் எஞ்சினை விற்றவரே. கட்டண விகிதமும், உதிரிபாக விலையும், எந்த நாட்டு எஞ்சின் முதலில் என்ற வரிசையும் பாரிஸில் முடிவாகும். நிலமும் வரிச்சலுகையும் தொழிலாளரின் வியர்வையும் இந்தியாவினுடையவை. ஆல்கோ போல நாளை சஃப்ரான் பின்வாங்கினால், கோர்படியில் எஞ்சியது போன்ற உரிமையும் அறிவும் இங்கே எஞ்சுமா? இந்தக் கேள்விக்கு ‘இந்தியாவில் தயாரிப்போம்’ என்ற முழக்கத்தில் பதில் இல்லை.

பிற நாடுகள் எவ்வாறு பேரம் பேசுகின்றன? சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பெரும்பங்கு அரசின் டெமாசெக் நிறுவனத்திடம் இருக்கிறது. அதன் பராமரிப்புப் பிரிவு, ரோல்ஸ்-ராய்ஸுடன் பங்காளியாக எஞ்சின் பணிமனை நடத்துகிறது. துருக்கி ஏர்லைன்ஸில் அந்நாட்டின் அரசு நிதியத்துக்கு 49 விழுக்காட்டுப் பங்கு உண்டு. 150 போயிங் 737 மேக்ஸ் விமானங்களை வாங்கும் முடிவை 2025 செப்டம்பரில் அறிவித்தபோதே, சி.எஃப்.எம். நிறுவனத்துடன் எஞ்சின் குறித்த பேச்சுவார்த்தை முடிந்தால்தான் ஆணை உறுதியாகும் என்று அது நிபந்தனை வைத்தது. ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின்களுக்கு இஸ்தான்புல்லில் பராமரிப்பு மையம் அமைக்கவும் அது உடன்பாடு கண்டுள்ளது. இந்த அரசுகள் தொழிலாளர் நலன் காக்கும் அரசுகள் அல்ல. விமானத் துறையில் வேலைநிறுத்தத் தடையை எதிர்த்த 305 தொழிலாளர்களை 2012-இல் வேலைநீக்கம் செய்தது இதே துருக்கி ஏர்லைன்ஸ்தான். ஆயினும் வாங்கும் வலிமையை அரசின் பிடியில் வைத்திருப்பதன் பயனை அவை அறிந்திருக்கின்றன. இந்திய ஆட்சியாளர்கள் அறிந்தே அதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

சொல்லப்படும் மறுப்புகள்

அரசு நிறுவனம் வாங்கினால் ஊழல் பெருகும் என்பது தனியார்மய ஆதரவாளர்களின் முதல் வாதம். ஊழல் நடந்திருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் பல நாடுகளில் கையூட்டு அளித்த வழக்குகளை முடித்துக்கொள்ள 2017-இல் பிரிட்டன், அமெரிக்கா, பிரேசில் அரசுகளுக்கு 67 கோடி பவுண்டுக்கு மேல் செலுத்த நேர்ந்தது. இந்தோனேசியாவின் அரசு விமான நிறுவனமான கருடாவின் முன்னாள் தலைவருக்கு 2020-இல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கையூட்டுக் கொடுத்தவர் யார் என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். அது தனியார் நிறுவனம். அரசு கொள்முதலைத் தணிக்கையாளர் ஆராயலாம், நாடாளுமன்றம் கேள்வி கேட்கலாம். தனியார் நிறுவனம் 800 எஞ்சின்களை என்ன நிபந்தனையில் வாங்கியது என்று கேட்க எந்த மன்றமும் இல்லை.

போதிய எண்ணிக்கையில் எஞ்சின்கள் இல்லாவிட்டால் பணிமனை நட்டத்தில் நடக்கும் என்பது இரண்டாவது வாதம். இது பொருளியல் உண்மை. நாகபுரியின் சிரமங்களுக்கு அதுவும் ஒரு காரணம். ஏர் இந்தியாவின் ஒரு சில ரக எஞ்சின்களை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய வசதியை ஓட்டுவது கடினம். ஆனால் இந்தியாவின் விமான ஆணைகள் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்துவிட்ட காலத்தில், எண்ணிக்கை போதாது என்று யாரும் சொல்ல முடியாது. சிதறிக் கிடக்கும் தேவையைப் பொதுப் பணிமனையில் ஒருங்கிணைக்கத் தேவைப்படுவது அரசியல் உறுதி.

புனேயைத் தேடி வரும் அபாயம்

விமானத் துறையின் இந்த நோய் இப்போது தண்டவாளத்துக்கும் பரவுகிறது. 2015-இல் ஜி.இ.யுடன் செய்துகொண்ட மர்ஹௌரா ஒப்பந்தத்தில் 1,000 டீசல் எஞ்சின்களோடு ரோசா, காந்திதாம் ஷெட்களில் பராமரிப்புப் பொறுப்பும் சேர்த்தே தனியாருக்கு அளிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சீமென்ஸுடன் கையெழுத்தான ஒப்பந்தம் இன்னும் நெடியது. 9,000 குதிரைத்திறன் கொண்ட 1,200 மின்சார எஞ்சின்கள், 35 ஆண்டுப் பராமரிப்போடு சேர்த்து ஏறத்தாழ 26,000 கோடி ரூபாய். பராமரிப்புக்கெனக் குறிக்கப்பட்டுள்ள நான்கு ரயில்வே டிப்போக்களில் விசாகப்பட்டினம், ராய்ப்பூர், கரக்பூர் ஆகியவற்றோடு புனேயும் உள்ளது.

35 ஆண்டுகள் என்பது ஒரு தொழிலாளியின் முழுப் பணிக்காலம். அடுத்த தலைமுறை எஞ்சினின் உள்ளுறுப்புகளை ரயில்வே தொழிலாளி தன் உரிமையில் திறந்து பார்க்காமலேயே ஓய்வுபெற்றுச் செல்லும் நிலை வரக்கூடும். கோர்படியில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த அறிவு, கையிலிருந்து கைக்குக் கடந்த பயிற்சி, ஒப்பந்தத் தொழிலாளர் முறையின் வாயிலில் நின்றுபோகும். ஜெட் எஞ்சினில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதன் முடிவும் தெரியும்.

எனவே, தொழிற்சங்கங்களும் இடதுசாரி இயக்கங்களும் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. ஏர் இந்தியா எஞ்சினியரிங் சர்வீசஸ் நிறுவனத்தை விற்கும் எண்ணத்தை அரசு கைவிட்டு, நாகபுரி மையத்துக்குப் புதிய முதலீடு அளிக்க வேண்டும். பெரிய அளவில் விமானம் இறக்குமதி செய்யும் எந்த நிறுவனமும், எஞ்சின் விற்பவரிடமிருந்து பழுதுநீக்க உரிமம், சோதனைக்கூடம், தொழிலாளர் பயிற்சி ஆகியவற்றை உள்நாட்டுப் பொதுத்துறைப் பணிமனைக்குப் பெற்றுத் தருவதை இறக்குமதி அனுமதியின் நிபந்தனையாக்க வேண்டும். நிறைவேற்றும் கெடுவும், தவறினால் தண்டமும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். ஒப்பந்தத்தின் பராமரிப்புப் பிரிவுகளை நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும். ரயில்வேயின் புதிய ஒப்பந்தங்களில் பராமரிப்பு படிப்படியாக ரயில்வே தொழிலாளர்களிடமே வந்து சேர வேண்டும். இப்பணிகள் அனைத்தும் நிரந்தர வேலைகளாக அமைய வேண்டும்.

எஞ்சினைப் பணம் கொடுத்து வாங்கிய பின்னும் அதைத் திறக்கும் சாவிக்காக விற்றவரின் வாசலில் காத்திருப்பது தன்னுரிமை கொண்ட நாட்டுக்கு அழகன்று. அந்தச் சாவியைக் கேட்டு வாங்க முடியும் என்பதை 1962-இன் ரயில்வே ஒப்பந்தம் காட்டியது. கோர்படியின் தொழிலாளர்கள் அதை இன்றும் தங்கள் உழைப்பால் நிரூபித்து வருகிறார்கள். அவர்களது ஷெட்டைக் காக்கும் போராட்டமும், நாகபுரியின் ஹேங்கரைக் காக்கும் போராட்டமும் ஒன்றே என்ற உணர்வோடு ரயில்வே தொழிலாளர்களும் விமானத் துறைத் தொழிலாளர்களும் கைகோர்க்க வேண்டிய நேரம் இது.